வேதிச்சிகிச்சையில் நீள்காலச் சிரைவழிக் கருவிகள்: தேர்வும் பேணலும்

ஆய்வுச்சுருக்கம்

புற்றுநோய்க்கு வழங்கப்படும் வேதிச்சிகிச்சை பல மாதங்கள் நீடிப்பது. அதன் மருந்துகளுள் சில சிரையின் உட்சுவரைப் புண்ணாக்குவன. சில, சிரைக்கு வெளியே கசிந்தால் தோலையும் தசையையும் அழிப்பன. எனவே மருந்தை மார்புக்குள் உள்ள பெருஞ்சிரையில் நேரே சேர்க்கும் நீள்காலக் கருவிகள் மருத்துவத்தில் இடம்பெற்றுள்ளன. பிக் லைன், ஹிக்மேன் கதீட்டர், போர்ட் ஆகிய மூவகைக் கருவிகளின் தோற்றம், அமைப்பு, தேர்வு அளவுகோல்கள், பேணும் நெறிகள், சிக்கல்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்தல் என்பது அதனைப் பேணும் கடமையையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தலாகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வேதிச்சிகிச்சை, மையச்சிரை, பிக் லைன், ஹிக்மேன் கதீட்டர், போர்ட், தொற்று, இரத்த உறைவு, நோயாளிக் கல்வி.

முன்னுரை

கீமோதெரபி என மக்கள் வழங்கும் வேதிச்சிகிச்சையைப் பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் மருந்துகளையும் அவற்றின் பக்கவிளைவுகளையும் பேசுகின்றன. மருந்து உடலுக்குள் செல்லும் வழியைப் பற்றிய விளக்கம் அரிதாகவே காணப்படுகிறது. ஆயினும் நோயாளியின் அன்றாட வாழ்வில் அந்த வழியே பெரிய இடத்தைப் பிடிக்கிறது. குளிப்பது, உடுத்துவது, உறங்குவது, தண்ணீர்க்குடம் தூக்குவது, ஊர்ப் பயணம் போவது ஆகிய அனைத்தையும் மார்பிலோ கையிலோ பொருத்தப்பட்ட கருவி ஏதோவொரு வகையில் மாற்றியமைக்கிறது. கருவி பழுதுற்றால் சிகிச்சை தள்ளிப்போகிறது. அதில் தொற்று ஏற்பட்டால் உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலின் இப்பொருளைத் தமிழில் முறையாக விளக்குதல் மருத்துவத் தமிழின் தேவைகளுள் ஒன்றாகும்.

புறச்சிரையின் எல்லை

கையின் மேற்பரப்பில் தெரியும் சிரைகள் புறச்சிரைகள் எனப்படும். காய்ச்சலுக்கோ நீரிழப்புக்கோ குளுக்கோஸ் ஏற்றுவதற்கு இவை போதுமானவை. வேதிச்சிகிச்சை மருந்துகளுக்கு இவை எப்பொழுதும் போதுமானவையாக இருப்பதில்லை. இதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, குருதியோட்டத்தின் அளவு. முன்கைச் சிரையில் குருதி மெல்லிய ஓடையாகச் செல்கிறது. இதயத்திற்குள் இறங்கும் மேற்பெருஞ்சிரையிலோ நிமிடத்திற்கு ஏறத்தாழ 2 லிட்டர் குருதி பாய்கிறது. கடுமையான மருந்து அங்குச் சேர்ந்தவுடன் நீர்த்துவிடுவதால் சிரைச்சுவருக்குத் தீங்கு குறைகிறது.

இரண்டாவது, கசிவின் விளைவு. டாக்சோரூபிசின், எபிரூபிசின், வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் போன்ற மருந்துகள் சிரையிலிருந்து வெளியே கசிந்தால் சுற்றியுள்ள திசுக்கள் கொப்புளித்து அழுகக்கூடும். சில நேரங்களில் அழிந்த பகுதியை அறுவையால் நீக்கித் தோல் ஒட்டுச் செய்ய வேண்டிய நிலையும் ஏற்படும்.

மூன்றாவது, கால அளவு. பெருங்குடல் புற்றுநோய்க்கான சில சிகிச்சை முறைகளில் ஃபுளூரோயூராசில் என்னும் மருந்து 46 மணிநேரம் இடைவிடாமல் செலுத்தப்படுகிறது. நோயாளி சிறிய பம்பு ஒன்றை இடுப்பில் அணிந்துகொண்டு வீட்டில் இருந்தவாறே அம்மருந்தைப் பெற இயலும். கைச்சிரையில் செருகிய சாதாரண ஊசியை நம்பி அவ்வாறு அனுப்ப இயலாது. மேலும், இரண்டு வாரத்திற்கு ஒருமுறை என 12 சுற்றுகள் நடந்தால் சிகிச்சை ஏறத்தாழ ஆறு மாதம் நீளும். ஒவ்வொரு முறையும் குத்தப்படும் கைச்சிரைகள் தடித்து, அடைபட்டு, இறுதியில் எட்டாமற் போகின்றன.

வரலாற்றுப் பின்னணி

மையச்சிரைக்குள் குழாய் செலுத்தலாம் என்பதைத் தன் உடலிலேயே சோதித்தவர் ஜெர்மானிய மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929ஆம் ஆண்டு எபர்ஸ்வால்டே என்னும் ஊரில் தம் முழங்கை மடிப்புச் சிரைவழியே ஒரு கதீட்டரைச் செலுத்தி, அது இதயத்தை எட்டியதை எக்ஸ்-கதிர்ப் படத்தால் உறுதிசெய்தார். 1956இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். 1953இல் சுவீடன் நாட்டு மருத்துவர் செல்டிங்கர், ஊசியின் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி அக்கம்பியின் மேல் குழாயை நகர்த்தும் முறையை வெளியிட்டார். இன்றும் பெரும்பாலான மையச்சிரைக் குழாய்கள் அம்முறையைத் தழுவியே பொருத்தப்படுகின்றன.

நீண்டகாலம் உடலில் தங்கும் குழாய் என்னும் கருத்து ஊட்டநீர் செலுத்தும் தேவையிலிருந்து பிறந்தது. 1973இல் பிரோவியக் என்பவரும் அவர்தம் குழுவினரும் சிலிக்கோனால் ஆன குழாயை அறிமுகப்படுத்தினர். 1979இல் ஹிக்மேன் அதனை அகன்ற உள்வழி உடையதாக மாற்றி, எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெறுவோருக்குப் பயன்படுத்தினார். இவ்விரு முயற்சிகளும் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நிகழ்ந்தவை. 1982இல் முழுவதும் தோலுக்கடியில் அமையும் போர்ட் புற்றுநோய் மருத்துவத்தில் பயன்பட்ட செய்தி வெளியாயிற்று. உடலுக்கு வெளியே தொங்கும் பகுதியைக் குறைத்துக்கொண்டே வந்த வரலாறாக இதனைக் காணலாம்.

மூவகைக் கருவிகளின் அமைப்பு

மூவகைக் கருவிகளுக்கும் பொதுவான இலக்கு ஒன்றே. குழாயின் முனை, மேற்பெருஞ்சிரை இதயத்தின் வலது மேலறையோடு கூடும் இடத்தை ஒட்டி அமைய வேண்டும். முனை மேலே நின்றுவிட்டால் இரத்த உறைவு ஏற்படும் வாய்ப்பு மிகுகிறது. எனவே முனையின் இடத்தை எக்ஸ்-கதிர்ப் படத்தாலோ இதய மின்வரைவாலோ உறுதிசெய்த பின்னரே மருந்து செலுத்தப்படுகிறது.

பிக் லைன் என்பது மேற்கையின் சிரைவழியே நுழைந்து மார்பை எட்டும் மெல்லிய நீண்ட குழாய். மேற்கையின் உட்புறமுள்ள பேசிலிக் சிரை இதற்கு ஏற்றது. மீயொலிக் கருவியின் துணையுடன் உணர்வகற்றும் ஊசி மட்டுமே போட்டு இதனைப் பொருத்தலாம். படுக்கையருகிலேயே அகற்றவும் செய்யலாம். குழாயின் வெளிமுனை கையில் எப்பொழுதும் வெளியே இருக்கும்.

ஹிக்மேன் கதீட்டர் மார்புத்தோலின் அடியில் சிறிது தூரம் சுரங்கம்போல் சென்று கழுத்துச் சிரைக்குள் நுழைகிறது. சுரங்கப் பகுதியில் குழாயைச் சுற்றி டேக்ரான் என்னும் இழையால் ஆன சிறு பட்டை உண்டு. சில வாரங்களில் உடலின் திசு அப்பட்டைக்குள் வளர்ந்து குழாயை இறுகப் பிடிக்கிறது. தோலிலிருந்து கிருமிகள் உள்ளே ஊர்ந்து செல்வதையும் தடுக்கிறது. ஒரே நேரத்தில் பல மருந்துகளும் இரத்தமும் செலுத்த வேண்டிய இரத்தப் புற்றுநோயாளிகளுக்கும் குருத்தணு மாற்றுச் சிகிச்சை பெறுவோருக்கும் இது பெரிதும் பயன்படுகிறது.

போர்ட் என்பது டைட்டானியத்தாலோ உறுதியான பிளாஸ்டிக்காலோ ஆன சிறு கிண்ணமும் அதனோடு இணைந்த குழாயும் ஆகும். கிண்ணத்தின் மேல்வாயைத் தடித்த சிலிக்கோன் மூடி அடைத்திருக்கும். முழுக்கருவியும் தோலுக்கடியில், பெரும்பாலும் காறை எலும்பின் கீழே, பதிக்கப்படுகிறது. மருந்து தரும்போது மட்டும் தோல்வழியே ஊசி குத்தப்படும். அதற்கு ஹூபர் ஊசி என்னும் தனிவகை ஊசியே வேண்டும். சாதாரண ஊசி சிலிக்கோனைத் துண்டாகப் பெயர்த்துவிடும். ஹூபர் ஊசியின் முனை சிலிக்கோனை விலக்கிச் செல்வதால் மூடி ஆயிரம் முறை குத்தினாலும் மீண்டும் அடைத்துக்கொள்கிறது. போர்ட்டைப் பொருத்தவும் அகற்றவும் சிறு அறுவை தேவை.

தேர்வுக்கான அளவுகோல்கள்

கருவித் தேர்வு முதல் சுற்று மருந்துக்கு முன்பே முடிவாக வேண்டும். கைச்சிரைகள் அனைத்தும் கெட்ட பிறகு எடுக்கப்படும் முடிவு பல நேரங்களில் அவசர முடிவாகிவிடுகிறது. தேர்வில் கருத வேண்டியவை வருமாறு:

அ. சிகிச்சையின் காலமும் இடைவெளியும்: சில வாரங்களுக்கு மட்டும் தேவையெனில் பிக் லைன் பொருந்தும். மூன்று வாரத்திற்கு ஒருமுறை எனப் பல மாதங்கள் நீளும் சிகிச்சைக்குப் போர்ட் ஏற்றது. நாள்தோறும் பலவகை மருந்துகள் தேவைப்படும் தீவிரச் சிகிச்சைக்கு ஹிக்மேன் கதீட்டர் உதவும்.

ஆ. சிரையின் அளவு: குழாய் சிரையின் உள்விட்டத்தில் 45 விழுக்காட்டிற்கு மேல் அடைத்துக்கொள்ளலாகாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் நெறி. அதனை மீறினால் குருதியோட்டம் தேங்கி உறைவு உண்டாகும். தேவைக்கு மேற்பட்ட உள்வழிகள் கொண்ட குழாய் தடிமனாக இருப்பதால், ஒரு வழி போதுமெனில் ஒருவழிக் குழாயே நன்று.

இ. உடன்நோய்கள்: நாட்பட்ட சிறுநீரக நோய் உடையோருக்குப் பிற்காலத்தில் டயாலிசிஸ் தேவைப்படலாம். அதற்குக் கைச்சிரைகளைக் காக்க வேண்டியிருப்பதால் அவர்களுக்குப் பிக் லைன் தவிர்க்கப்படுகிறது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்கள் நீக்கப்பட்டிருந்தால், இயன்றவரை மறுபக்கமே தேர்ந்தெடுக்கப்படுகிறது.

ஈ. அப்போதைய உடல்நிலை: இரத்தத்தில் தொற்று இருக்கும்போது போர்ட் பதிப்பது தள்ளிவைக்கப்படுகிறது. தட்டணுக்கள் மிகவும் குறைந்திருப்பின் குருதிக்கசிவைக் கருதி நேரமும் கருவியும் முடிவுசெய்யப்படுகின்றன.

உ. வாழ்வுச் சூழல்: நோயாளியின் வீட்டிற்கும் கருவியைப் பேணத் தெரிந்த செவிலியருக்கும் இடையிலுள்ள தொலைவு, வீட்டில் உதவும் ஆள், குளிக்கும் வசதி, செய்யும் தொழில், செலவு ஆகியன இதில் அடங்கும்.

முதல் நான்கும் நோயாளியின் மருத்துவப் பதிவேட்டில் இடம்பெற்றுவிடும். ஐந்தாவதை நோயாளியிடம் கேட்டால்தான் அறிய முடியும்.

பிரித்தானிய ஆய்வு காட்டும் உண்மை

எந்தக் கருவி சிறந்தது என்னும் வினாவுக்கு விடைதேடிய பெரிய ஆய்வுகளுள் ஒன்று பிரித்தானியாவில் 18 புற்றுநோய்ச் சிகிச்சை மையங்களில் நடைபெற்றது. காவா எனப் பெயரிடப்பட்ட அவ்வாய்வின் முடிவுகள் 2021இல் லான்செட் இதழில் வெளியாயின. 1061 நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, தொற்று, உறைவு, குழாய்ப் பழுது முதலிய சிக்கல்கள் ஒப்பிடப்பட்டன.

போர்ட்டையும் ஹிக்மேன் கதீட்டரையும் ஒப்பிட்டபோது, போர்ட் பெற்றவர்களில் 29 விழுக்காட்டினரும் ஹிக்மேன் பெற்றவர்களில் 43 விழுக்காட்டினரும் சிக்கலுக்கு உள்ளாயினர். போர்ட்டையும் பிக் லைனையும் ஒப்பிட்டபோது அவ்வளவுகள் முறையே 32, 47 விழுக்காடு. பிக் லைனையும் ஹிக்மேனையும் ஒப்பிட்டபோது 52, 49 விழுக்காடு எனப் பெரிய வேறுபாடின்றி அமைந்தன. இம்முடிவுகளின் அடிப்படையில், திடநிலைப் புற்றுநோய்களுக்குச் சிகிச்சை பெறுவோரில் பெரும்பாலோர்க்குப் போர்ட் ஏற்றது என்னும் கருத்து வலுப்பெற்றது.

இவ்வெண்களை இரு எச்சரிக்கைகளோடு படிக்க வேண்டும். ஒன்று, மிகச்சிறந்த கருவியிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குச் சிக்கல் நேர்ந்துள்ளது. ஆகவே சிறந்த கருவியைத் தேர்ந்துவிட்டால் பேணல் தேவையில்லை என்று கொள்ள இயலாது. மற்றொன்று, இவை தேர்ந்த செவிலியர் கட்டமைப்பு உடைய ஒரு நாட்டின் எண்கள். ஹூபர் ஊசியும் அதனைக் குத்தப் பழகிய கையும் அருகில் இல்லாத ஊரில் போர்ட்டின் மேன்மை அப்படியே கிடைத்துவிடும் எனக் கருதலாகாது.

பிக் லைனைப் பொறுத்தவரை, 2013இல் லான்செட் இதழில் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, பிற மையச்சிரைக் குழாய்களைவிட அதில் ஆழ்சிரை உறைவின் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு மிகுதி எனக் காட்டியது. பொருத்துவது எளிது என்பதால் மட்டுமே பிக் லைனைத் தேர்வது சரியன்று என்பதற்கு இது சான்றாகும்.

பேணலின் நெறிகள்

பேணலின் முதல் நெறி கைத்தூய்மை. அடுத்தது இணைப்புமுனையின் தூய்மை. ஒவ்வொரு முறை சிரிஞ்சை இணைக்கும் முன்னரும் முனையை ஆல்கஹால் அல்லது குளோர்ஹெக்சிடின் கலந்த துடைப்பானால் அழுத்தித் தேய்த்து, உலரவிட வேண்டும். உலரும் நேரமும் கிருமிநீக்கத்தின் ஒரு பகுதியே.

மூன்றாவது, சலைன் கொண்டு அலசுதல். மருந்துக்கு முன்னும் பின்னும், இரத்தம் எடுத்த பின்னும் 10 மில்லி சலைன் செலுத்தப்படுகிறது. ஒரே வீச்சில் தள்ளாமல், சிறிது தள்ளி நிறுத்தி மீண்டும் தள்ளும் முறை குழாயின் உட்சுவரில் ஒட்டியுள்ளவற்றைக் கழுவிச் செல்கிறது. சிறிய சிரிஞ்சு மிகுந்த அழுத்தத்தை உண்டாக்கிக் குழாயைக் கிழிக்கக்கூடும் என்பதால் 10 மில்லி அளவுள்ள சிரிஞ்சே பயன்படுத்தப்படுகிறது. திசுவை அழிக்கும் மருந்தைத் தொடங்கும் முன் குழாயில் இரத்தம் திரும்பி வருகிறதா எனப் பார்ப்பது கட்டாயம். இரத்தம் வராத குழாயில், சலைன் தடையின்றிப் போகிறது என்ற ஒன்றை மட்டும் நம்பி அத்தகைய மருந்தைச் செலுத்தலாகாது.

நான்காவது, கட்டு மாற்றுதல். குழாய் வெளிவரும் இடத்தை மூடும் ஒளிபுகும் ஒட்டுக்கட்டு ஏழு நாள்களுக்கு ஒருமுறையும், துணிக்கட்டு இரண்டு நாள்களுக்கு ஒருமுறையும் மாற்றப்படுகின்றன. நனைந்தாலோ பிரிந்தாலோ அழுக்குற்றாலோ உடனே மாற்ற வேண்டும். பயன்பாட்டில் இல்லாத போர்ட்டை நான்கு வாரத்திற்கு ஒருமுறை அலசுவது நெடுநாள் வழக்கம். மூன்று மாதம் வரை இடைவெளி விடலாம் என்னும் கருத்தும் இன்று ஏற்கப்பட்டு வருகிறது. ஹெப்பாரின் கலந்த நீர் சலைனைவிட உறுதியாக மேலானது என நிறுவப்படவில்லை. கருவி செய்தோரின் அறிவுரையையும் மருத்துவமனையின் நெறியையும் பின்பற்றுவதே முறை.

சிக்கல்களும் அவற்றை அறிதலும்

தொற்று, சிக்கல்களுள் மிகவும் அஞ்சத்தக்கது. வேதிச்சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் சீழோ சிவப்போ தோன்றாமலே கிருமி இரத்தத்தில் பரவக்கூடும். அந்நிலையில் காய்ச்சல் மட்டுமே அடையாளமாக இருக்கலாம். எனவே 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை ஃபாரன்ஹீட், காய்ச்சல் கண்டாலோ, குழாயை அலசியவுடன் நடுக்கம் கண்டாலோ, காலை வரை காத்திராமல் மருத்துவமனையை அடைய வேண்டும். குழாயிலிருந்தும் வேறு கையிலிருந்தும் ஒரே நேரத்தில் இரத்தம் எடுத்து வளர்சோதனை செய்வர். குழாய் இரத்தத்தில் இரண்டு மணிநேரமோ அதற்கு மேலோ முன்னதாகக் கிருமி வளர்ந்தால் குழாயே தொற்றின் இருப்பிடம் எனக் கொள்ளப்படுகிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமியோ கேண்டிடா என்னும் பூஞ்சையோ காரணமாயின் கருவி பெரும்பாலும் அகற்றப்படுகிறது.

கை, கழுத்து, முகம் ஆகியவற்றில் வீக்கமோ வலியோ தோன்றுவது இரத்த உறைவின் அறிகுறி. உறைவு ஏற்பட்டாலும் குழாய் இயங்கிக்கொண்டும் தேவைப்பட்டுக்கொண்டும் இருப்பின், அதனை அகற்றாமலே உறைவெதிர் மருந்து தருவது வழக்கம். குழாய் அடைபட்டால் உறைவைக் கரைக்கும் ஆல்ட்டிபிளேஸ் மருந்து உள்ளே சிறிது நேரம் நிறுத்தப்படுகிறது. அடைப்பை வலுக்கட்டாயமாகத் தள்ளித் திறக்க முயல்வது தவறு. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே நசுங்கும் குழாய் நாளடைவில் முறியக்கூடும். கையை உயர்த்தினால் மட்டும் இரத்தம் வரும் குழாய் இதற்கான எச்சரிக்கை. வெளிக்குழாய் கிழிந்தால், கிழிசலுக்கும் உடலுக்கும் இடைப்பட்ட பகுதியை உடனே கிளிப்பால் இறுக்கிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இல்லையெனில் காற்று உட்புகும்.

நோயாளிக்குச் சொல்லும் மொழி

மேற்கூறியவற்றுள் பெரும்பகுதி செவிலியரின் பணி. ஆயினும் இரு சுற்றுகளுக்கு இடைப்பட்ட நாள்கள் அனைத்தும் வீட்டில் கழிகின்றன. அங்குக் கருவியைக் காப்பது நோயாளியும் குடும்பத்தினரும் பெற்ற சொற்களே. ‘தண்ணீர் படக்கூடாது’ என்னும் அறிவுரையை எடுத்துக்கொள்ளலாம். பிக் லைனும் ஹிக்மேனும் உடையோர்க்கு, கட்டு நனையாதபடி மூடிக் குளிக்க வேண்டும் என்பதே இதன் பொருள். புண் ஆறிய போர்ட்டில் ஊசி குத்தியிராத நாள்களில் தாராளமாகக் குளிக்கலாம். மூவர்க்கும் ஒரே தொடரைச் சொல்லி அனுப்பினால், போர்ட் உடையவர் தேவையின்றி மாதக்கணக்கில் குளிப்பதைத் தவிர்ப்பார். பிக் லைன் உடையவரோ எதை மூடிக் குளிப்பது என்றறியாமல் கட்டை நனைப்பார்.

தமிழகத்தின் வெப்பத்தில் வியர்வை ஒட்டுக்கட்டைத் தளர்த்தும். எண்ணெய்க்குளியல் அதனை முற்றிலும் பெயர்த்துவிடும். குழாய் வெளிவரும் இடத்தில் மஞ்சளோ திருநீறோ வேறு எப்பொடியோ இடலாகாது. தாலிச்சங்கிலி, இரவிக்கையின் இறுக்கம், தோளில் மாட்டும் பை ஆகியன போர்ட்டின் மேல் உரசாதிருக்க, அது பதிக்கப்படும் இடத்தை அறுவைக்கு முன்பே நோயாளியோடு பேசி முடிவுசெய்யலாம். இவற்றுள் பல அயல்நாட்டுக் கையேடுகளில் இடம்பெறா. இங்குள்ளோரே எழுதிச் சேர்க்க வேண்டியவை.

நோயாளி தம்முடன் வைத்திருக்க வேண்டிய அட்டையில் கருவியின் வகை, பொருத்திய நாள், கடைசியாக அலசிய நாள், காய்ச்சல் கண்டால் அழைக்க வேண்டிய எண் ஆகியவை தமிழில் இருத்தல் வேண்டும். இரவில் அருகிலுள்ள சிறு மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளியிடம் இருக்கும் ஒரே சான்று அதுவாக இருக்கலாம்.

முடிவுரை

நீள்காலச் சிரைவழிக் கருவி, நோயாளி பல மாதங்கள் உடன்வாழ வேண்டிய ஒன்று. சிக்கல் குறைந்தது என்னும் வகையில் போர்ட் முன்னிற்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் சிகிச்சையின் காலம், சிரையின் அளவு, உடன்நோய், வாழ்வுச் சூழல் ஆகியவை மாறும்போது விடையும் மாறுகிறது. கருவியின் விலையும் பொருத்தும் எளிமையும் முதல் நாளின் கணக்கு மட்டுமே. அதன்பின் வரும் ஒவ்வொரு வாரமும் அதனை அலசுவது யார், கட்டு மாற்றுவது யார், காய்ச்சல் வந்தால் எங்குச் செல்வது என்னும் வினாக்களுக்கு விடை காணப்பட்டிருந்தால்தான் தேர்வு முழுமை பெறும். அவ்விடைகளை நோயாளி தம் மொழியில் அறிந்திருத்தல், இக்கருவிகளின் பேணலில் முதற்படியாகும்.